பழவேற்காட்டுக் காற்றும் பிற்பகல் ஓய்வும்: தொழிற்பேட்டை மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை, திருவள்ளூர் வட்டாரத் தொழிற்பேட்டைகளின் பணியாளர் மனமகிழ் மன்றத்தினருக்கும் தொழிலாளர் நலக் குழுவினருக்கும்,



தொழிற்பேட்டை மன்றங்களின் நிதி ஆண்டுதோறும் கிரிக்கெட் கோப்பைக்கும் இறகுப்பந்துக் கூடத்திற்கும் ஆண்டு விழா இன்னிசைக்குமே பெரும்பாலும் செலவாகிறது. அவற்றில் குறை காண்பது இம்மடலின் நோக்கமன்று. ஆயினும், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரச் சாலைப் பயணத் தொலைவில், இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியாகிய பழவேற்காடு விரிந்து கிடந்தும், மன்றங்களின் திட்டங்களில் அந்த ஏரி எண்ணப்படுவது அரிதாகவே உள்ளது. அங்கு வாரம் ஒருமுறை எளிய பாய்ப்படகுப் பந்தயம் ஒன்றைத் தொடங்கலாம் என்பதும், அதனை நடத்தும் உரிமையும் பொறுப்பும் தொழிற்சாலைகளிடம் அல்லாமல் அந்த ஏரியில் வலையிட்டு வாழும் ஊர்களிடமே இருக்க வேண்டும் என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்து. முதற்பகுதியை ஏற்போர் பலர் இருப்பர். இரண்டாம் பகுதிக்கே விளக்கம் மிகுதியும் தேவைப்படுகிறது.

பாய்ப்படகுப் பந்தயம் என்றவுடன் வெண்ணிற உல்லாசப் படகுகளும் உறுப்பினர் கட்டணமும் காவலாளி நிற்கும் வாயிலும் பலருக்கு நினைவில் எழுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தோற்றுவித்த மெட்ராஸ் யாட் கிளப், பிற்காலத்தில் ‘ராயல்’ என்னும் அடைமொழி பெற்று இன்றும் துறைமுக வளாகத்தினுள்ளேயே இயங்குகிறது. அது தொடங்கப்பெற்ற காலத்தில் அந்த வாயில் எவருக்குத் திறந்திருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உலகெங்கும் சிற்றூர் ஏரிகளில் வார இறுதிதோறும் நடைபெறும் பந்தயங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அங்குப் பத்துப் பன்னிரண்டு சிறு படகுகள் கூடும்; மிதவைகள் சிலவற்றைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓட்டுவர்; நேரம் குறிப்பவர் கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்; பந்தயம் முடிந்தபின் தேநீருடன் யார் எங்கே காற்றை இழந்தார் என்னும் வாதம் நடக்கும். பரிசை விட அந்த வாதமே பலரை மறுவாரமும் வரவழைக்கிறது.

ஏரியில் தொடங்கும் பயிற்சி எதுவரை செல்லக்கூடும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் உள்ளன. 16ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஐதராபாத்தின் உசேன் சாகரில் ஆண்டுதோறும் தேசிய அளவிலான பாய்ப்படகு வாரம் நடைபெறுகிறது. அரசுப் பள்ளிகளில் பயிலும் வறிய குடும்பத்துப் பிள்ளைகள் அங்குப் பயிற்சி பெற்று நாடு தழுவிய போட்டிகளில் வென்றுள்ளனர். போஜ மன்னர் அமைத்ததாகக் கூறப்படும் போபாலின் மேல் ஏரியில் பயின்ற நேகா தாக்கூர், தேவாஸ் வட்டாரத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்; 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். கடலில்லாத மாநிலம் ஒன்றிலிருந்து அப்பதக்கம் வந்தது என்பதைக் கடற்கரை மாவட்டத்தினர் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாட்டிற்கும் இத்துறையில் பெருமை இல்லாமல் இல்லை: டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் சென்னையைச் சேர்ந்தவர், அதே போட்டிக்குச் சென்ற வருண் தாக்கர், கே.சி. கணபதி இணையரும் சென்னையினரே. ஆயினும் இப்பெருமை நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

திருவள்ளூர் மாவட்டத்தில் நீர்ப்பரப்புக்குக் குறைவில்லை எனினும், எல்லா நீரும் இதற்கு உரியதன்று. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் பெற்ற பூண்டி நீர்த்தேக்கமும், சோழவரம், புழல் ஏரிகளும், 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கமும் சென்னையின் குடிநீருக்காகக் காக்கப்படுபவை. போபாலின் மேல் ஏரியும் குடிநீர் ஏரிதான் என்றும், 2023-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கு இயந்திரப் படகுகளைத் தடுத்தபோதும் எண்ணெய் கசியாத பாய்ப்படகுக்கு அக்குற்றம் சாராது என்றும் ஒருவர் வாதிடலாம். வாதம் சரியானதே, ஆனால் கோடையில் நீர்மட்டம் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வரும் ஊரில், குடிநீர்த் தேக்கத்தில் விளையாட அனுமதி கோருவதில் ஆண்டுகளைச் செலவிடுவது அறிவுடைமையாகாது. உட்பகுதியிலுள்ள பாசன ஏரிகளோ மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் மாட்டு மேய்ச்சல் நிலமாகிவிடுகின்றன. எஞ்சுவது பழவேற்காடு.

அங்குள்ள காற்றின் இயல்பு இத்திட்டத்திற்கு மிகவும் ஏற்றது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேற, அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று கரையை நோக்கி ஓடி வருவதே கடற்காற்று எனப்படுகிறது; உருக்கு உலைக்கூடத்தில் பணிபுரிவோர் உலை எரியும்போது கதவிடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும் காற்றை உணர்ந்திருப்பராதலின், அவர்களுக்கு இதனை நெடிது விளக்க வேண்டா. மார்ச் முதல் மே வரை இக்காற்று நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ எழுந்து மாலை வரை சீராக வீசும். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முதல் ஷிப்ட் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிகிறது என்பதையும், மூன்றரை மணிக்கு ஏரிக்கரை சேர்பவருக்குக் கதிரவன் மறையும் வரை இரண்டரை மணி நேரத்திற்குக் குறையாமல் நல்ல காற்று கிடைக்கும் என்பதையும் இணைத்துப் பார்த்தால், அலுவலக நேரத்தினரைவிட ஷிப்ட் தொழிலாளருக்கே இவ்விளையாட்டு எளிதில் கைகூடும் என்பது விளங்கும். ஜூன் பிறந்தபின் நிலை மாறுகிறது: மேற்கிலிருந்து வீசும் வலிய வெப்பக்காற்று கடற்காற்றைப் பிற்பகல் வரை தடுத்து நிறுத்துகிறது, இரண்டும் மோதும் மாலைகளில் இவ்வட்டாரத்தில் திடீரென இடிமழையும் சுழன்றடிக்கும் காற்றும் தோன்றுவதுண்டு. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் வானத்தின் மேற்கு மூலையை நோக்கிக்கொண்டே படகோட்ட வேண்டும்.

காற்றுக்கு இருக்கும் ஒழுங்கு நீருக்கு இல்லை. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும், பழவேற்காட்டு முகத்துவாரத்தின் வழியே ஏறி இறங்கும் கடல்நீரும் கலந்த இந்த ஏரியை ஸ்ரீஹரிக்கோட்டா தீவு வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. சராசரி ஆழமோ ஒரு மீட்டரளவே. மழை ஓய்ந்து ஆறுகள் வற்றியபின் அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுவதால், காற்று சிறக்கும் கோடையில் நீர் குறைகிறது. நீர் மிகுந்த வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வந்திறங்குகின்றன. தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம் ஆதலால், வனத்துறையின் எழுத்து வடிவ அனுமதியின்றி அங்கு எந்தப் பந்தயமும் நடத்தலாகாது. அனுமதி கிடைப்பதாயினும் அக்டோபர் முதல் மார்ச் வரை பாய் விரிக்காதிருப்பதே முறை. எனவே பந்தயப் பருவம் ஏப்ரல், மே மாதங்களில் முழுமையாகவும் அதன்பின் வானிலைக்கு ஏற்பவும் அமையும். முழங்கால் ஆழ நீரிலும் ஓடக்கூடிய தட்டையான அடிப்பகுதியும், தேவையின்போது மேலே இழுத்துக்கொள்ளக்கூடிய நடுப்பலகையும் கொண்ட படகுகளே இங்கு உதவும். நடுப்பலகை என்பது படகின் அடிவயிற்றிலிருந்து நீருக்குள் இறங்கி, காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிச் செல்லாமல் தடுக்கும் பலகை; அது இல்லையேல் படகு காற்றடிக்கும் திசையில் மிதந்து போகுமேயன்றி எதிர்க்காற்றில் ஏறாது.

நீரும் காற்றும் இவ்வாறிருக்க, இவ்விரண்டையும்விட முதன்மையான செய்தி ஒன்று உண்டு. வெளியார் கண்ணுக்குத் திறந்த வெளியாகத் தோன்றும் இந்த ஏரியில், முகத்துவாரத்தை ஒட்டிய பகுதி முழுவதும் ‘பாடு’ என்னும் முறைக்கு உட்பட்டது. பாடு என்பது இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் குறிப்பிட்ட இடங்களில் யார், எந்நாளில், எவ்வகை வலையை இடலாம் என்பதை ஊர்கள் தமக்குள் சுழற்சி முறையில் வகுத்துக்கொண்ட உரிமை ஒழுங்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்கள் இதில் பங்குடையவை. தம் முறை வரும் நாளுக்காகக் காத்திருந்து வலையைக் கட்டிய ஒருவரின் எல்லைக்குள் விளையாட்டுப் படகின் நடுப்பலகை சிக்குமாயின், அவர் இழப்பது வலையை மட்டுமன்று, அடுத்த சுற்று வரும் வரை மீண்டும் கிடைக்காத ஒரு நாளின் வருவாயையும் ஆகும். இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கும் விதியொன்றை மன்றச் சட்டத்தில் எழுதிக்கொண்டால் போதும் எனக் கருதுவோர் சிக்கலைத் தலைகீழாகப் பார்க்கின்றனர். எந்த நாளில் எந்த நீர் காலியாக இருக்கும் என்பதை அறிந்தவர்களே பந்தயத் தடத்தையும் நாளையும் குறிப்பார்களாயின் அந்த விதிக்கே வேலையிராது.

மீனவ ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே இவ்வட்டாரத்தில் நிலவும் உறவு இதனை மேலும் இன்றியமையாததாக்குகிறது. எண்ணூர் முதல் காட்டுப்பள்ளி வரை நீளும் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும், கடலரிப்பைப் பற்றியும் கழிவுநீரைப் பற்றியும் மேலும் விரிவாக்கப்படக்கூடிய துறைமுகத்தைப் பற்றியும் ஊர்களில் எழுந்துள்ள அச்சமும் தாங்கள் அறியாதவை அல்ல. இப்பின்புலத்தில், நிறுவனத்தின் சின்னம் பொறித்த பாய்களுடன் ஒரு மன்றம் ஏரிக்குள் நுழையுமாயின், அதன் உறுப்பினர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், அது விளையாட்டாகக் கொள்ளப்படாது. கொள்ளப்பட வேண்டும் என எதிர்பார்ப்பதும் பேதைமை. ஆகவே பாயில் நிறுவனப் பெயர் அறவே வேண்டா. நலநிதியிலிருந்து தரப்படும் பணம் நன்கொடை என்னும் பெயரில் அமையாமல், தடம் குறித்தல், படகு நிறுத்துமிடம், பயிற்சி, காவற்படகு ஆகியவற்றுக்கான கூலியாகவும் வாடகையாகவும் ஊர்க் கணக்கில் சேர்தல் வேண்டும். காவற்படகுக்கு வருபவருக்கு அன்றைய மீன்பிடி வருவாய்க்குக் குறையாத தொகை தரப்பட வேண்டும்.

பயிற்சிக்கும் ஊராரையே ஆசிரியராகக் கொள்ளலாம். இயந்திரம் பரவும்வரை பாயும் கழியுமே ஏரிப்படகுகளை நகர்த்தின என்பதால், காற்றின் முகத்தைக் கன்னத்தில் உணர்ந்து அறிந்த முதியவர்கள் அங்கு இன்னும் உள்ளனர். தமிழகக் கரையில் பாய்ப்பந்தயம் வழக்கொழிந்ததும் அன்று: இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியை ஒட்டிய கடலோர ஊர்களில் கோயில் திருவிழாவையும் பொங்கலையும் சார்ந்து நாட்டுப்படகுகளின் பாய்மரப் போட்டிகள் இன்றும் நடைபெறுகின்றன. கடற்கரையே கூடி ஆரவாரிக்கும் அப்போட்டிகளில், பலகையின் மேல் ஏறிக் காற்றுப் பக்கமாக உடலை வெளியே சாய்த்துப் படகைக் கவிழாமல் காக்கும் இளைஞரின் திறம், ஐரோப்பியச் சிறுபடகுப் பந்தயத்தில் கற்பிக்கப்படும் திறத்திற்குச் சிறிதும் குறைந்ததன்று. இத்திறத்தைத் தொழிற்பேட்டையினர் ஊராருக்குக் கற்றுத்தர வருவதாக எண்ணிக்கொள்வது நகைப்பிற்குரியது.

மறுதலையாக, மன்றத்தினர் கொண்டுவரத்தக்கது வேறொன்று உண்டு: கைவேலைத் திறன். அமெரிக்காவின் புளோரிடாவில் 1947-இல் கிளார்க் மில்ஸ் என்னும் படகுக் கலைஞர் சிறுவர்க்காக வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் என்னும் படகு, ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்கதாக இருந்தமையாலேயே உலகெங்கும் பரவியது. அதன் நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. 1962-இல் பிரிட்டனில் ஒரு நாளிதழின் ஆதரவுடன் வடிவமைக்கப்பட்ட மிர்ரர் என்னும் இருவர் படகும், வெட்டிய பலகைகளைச் செப்புக்கம்பியால் தைத்துப் பிசின் பூசி இணைக்கும் எளிய முறையைக் கொண்டு, நடுத்தர வருவாயினரையும் ஏரிக்குக் கொண்டுவந்தது. சுனாமிக்குப் பின் தமிழகக் கரை முழுவதும் ஃபைபர் படகுகள் பெருகியதனால் கண்ணாடியிழை வேலையறிந்தோர் ஊர்களிலும் உள்ளனர். அலுமினியக் குழாயில் பாய்மரமும், துருப்பிடிக்காத எஃகில் சுக்கான் கீலும் செய்வது பராமரிப்புப் பிரிவின் ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் பெரிய காரியமன்று. விலையுயர்ந்த இறக்குமதிப் படகொன்றை வாங்கி நிறுத்துவதைக் காட்டிலும், ஊரின் படகுக் கொட்டகையில் இரு தரப்பினரும் சேர்ந்து நான்கு படகுகளைச் செய்வது முதலாண்டின் முதல் வேலையாக அமைதல் நன்று.

பந்தயத்தின் செயல்முறையைச் சுருக்கமாகக் கூறலாம். நங்கூரமிட்ட படகொன்றுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கற்பனையாக வரையப்படும் கோடே தொடக்கக் கோடு. நிலைத்து நிற்க இயலாத படகுகள் அதன் பின்னே அலைந்துகொண்டிருக்க, ஐந்து நிமிடம் முன்னரும் நான்கு நிமிடம் முன்னரும் ஒரு நிமிடம் முன்னரும் கொடியும் ஒலியும் கொண்டு எச்சரிக்கை தரப்படும். ஒலி எழும் கணத்தில் கோட்டைத் தாண்டாமலும் அதனைவிட்டு விலகாமலும் இருப்பதிலேயே பாதி வெற்றி அடங்கியுள்ளது. முதல் மிதவை காற்று வரும் திசையிலேயே இடப்படும். எந்தப் படகும் காற்றுக்கு நேரெதிராகச் செல்லவியலாது. காற்றின் திசையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் கோணல்மாணலாகவே ஏற வேண்டும். எப்பக்கம் முதலில் செல்வது, எப்போது திரும்புவது என்னும் தீர்மானங்களில்தான் தசை வலிமையற்றவரும் வலியவரை வெல்கிறார். படகுகள் மோதாதிருக்க மூன்று விதிகள் முதலில் போதும்: இடப்பக்கத்தில் காற்றை ஏற்று வரும் படகு, வலப்பக்கத்தில் காற்றை ஏற்று வரும் படகுக்கு விலகுக, ஒரே பக்கத்தில் காற்றை ஏற்று இணையாக ஓடும்போது காற்றுக்கு அருகிலுள்ள படகு விலகுக, பின்னே வருவது முன்னே செல்வதற்கு விலகுக. தவறியவர் தாமே இருமுறை வட்டமடித்துத் தண்டனையைத் தீர்த்துக்கொள்வார்; நீரில் நடுவர் இல்லை. நடுவரின்றி நடக்கும் விளையாட்டு தொழிற்பேட்டைக் கிரிக்கெட்டிற்குப் பழகியோருக்குச் சற்று வியப்பளிக்கக்கூடும்.

வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாகப் போட்டியிடுவதற்குப் பிரிட்டனில் உருவான போர்ட்ஸ்மவுத் எண் என்னும் முறை உதவும். ஒவ்வொரு வகைப் படகுக்கும் அதன் இயல்பான வேகத்தை ஒட்டி ஓர் எண் தரப்படுகிறது; எடுத்துக்கொண்ட நேரத்தை 1000-ஆல் பெருக்கி அவ்வெண்ணால் வகுக்கக் கிடைப்பதே திருத்திய நேரம். ஒலிம்பிக்கில் இடம்பெறும் லேசர் படகின் எண் சுமார் 1100. சிறுவர்க்குரிய ஆப்டிமிஸ்டின் எண் 1600-க்கு மேல். முன்னதை ஓட்டியவர் 44 நிமிடத்திலும், 1600 எனக் கொள்ளப்பட்ட பின்னதை ஓட்டிய சிறுமி 64 நிமிடத்திலும் முடித்தால் இருவரின் திருத்திய நேரமும் 40 நிமிடமே; அச்சிறுமி ஒரு நொடி முந்தியிருந்தால் வென்றவர் அவரே. பழவேற்காட்டு நாட்டுப்படகுக்கு அச்சிட்ட எண் எதுவும் கிடையாதாதலின், முதற்சில வாரங்களின் நேரங்களைக் கொண்டு ஊராரும் மன்றத்தினரும் கூடியமர்ந்து அதனை வகுத்து, பருவத்திற்கு ஒருமுறை திருத்திக்கொள்ள வேண்டும். இக்கணக்கில் சண்டை வரும், வரட்டும்.

காப்பு பற்றிய பகுதியில் நெகிழ்வுக்கு இடமில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தோர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. அந்த நினைவு ஊரிலும் அரசு அலுவலகங்களிலும் மங்கவில்லை என்பதால், அனுமதி கோரும் விண்ணப்பம் முதலில் சந்திக்கும் கேள்வி அதுவாகவே இருக்கும். மிதவை அங்கி அணியாதவர் படகில் ஏறக்கூடாது என்பதும், கவிழ்த்த படகை நிமிர்த்தும் பயிற்சியைக் கரையோரத்தில் முடிக்காதவர் பந்தயத்தில் கலந்துகொள்ளலாகாது என்பதும், இயந்திரம் பூட்டிய காவற்படகு ஒன்றேனும் இல்லாத நாளில் பந்தயமே இல்லை என்பதும், நீரோட்டம் வலிய முகத்துவாரத்தின் பக்கம் தடம் அமையாது என்பதும் எழுதப்பட்டு, கையொப்பமிடப்பட்டுப் பின்பற்றப்பட வேண்டும். ஆழம் ஒரு மீட்டரே என்னும் எண்ணம் ஆபத்தானது; சேற்றில் கால் புதையும், வலை கட்ட நட்ட கழிகள் நீர்மட்டத்திற்குக் கீழே மறைந்திருக்கும், சிப்பிகள் பாதத்தைக் கிழிக்கும்.

பறவைகள் திரும்பிச் சென்றபின் ஏப்ரலில் முதற்பந்தயம் நிகழ வேண்டுமாயின், வனத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்திற்கும் விண்ணப்பங்கள் பொங்கலுக்கு முன் சென்று சேர்தல் வேண்டும். அதற்கு முன்னதாகவே ஊர்ப் பஞ்சாயத்துகளின் இசைவு பெறப்பட வேண்டும். இசைவு கிட்டாவிடில் விண்ணப்பமே எழுதப்படலாகாது. முதற்பருவத்திற்கு நான்கு படகுகள் போதும். ஒவ்வொரு மன்றமும் ஊர்களைச் சந்திக்க இருவரை அனுப்புமாறு இம்மடல் வேண்டுகிறது. ஆலையின் மக்கள் தொடர்பு அலுவலரை அவ்விருவருள் சேர்க்க வேண்டா. ஒருவர் நீச்சல் அறிந்தவராகவும் மற்றவர் கணக்கு அறிந்தவராகவும் இருத்தல் நலம்.